இருட்டு இருந்தது, ஃபிலிம் இல்லை

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியை ஒட்டிய எங்கள் அரியக்குடியில் இருட்டுக்குப் பஞ்சம் கிடையாது. தெருமுனைக்கு ஒரு ட்யூப் லைட், அதுவும் பாதி நாள் எரியாது. அமாவாசை ராத்திரி ஊருணிக்கரைக்குப் போனால் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. படிக்கட்டு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பது காலுக்குத்தான் தெரியும். அப்படி ஒரு இருட்டை வைத்துக்கொண்டு எங்களிடம் இல்லாமல் போனது ஃபிலிம். ஒரு சுருளில் 36 படம். பொங்கல், திருவிழா, ஒரு கல்யாணம், வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் சொந்தக்காரர் எல்லாரும் அந்த முப்பத்தாறுக்குள் அடங்கியாக வேண்டும். மீந்தது நமக்கு.

இன்று என் தங்கச்சி மகளின் கேமராவில் இருக்கும் கட்டைவிரல் நகத்தளவு அட்டையில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும். லைட் பெயின்டிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று லீவுக்கு ஊருக்கு வந்தவள் முதலில் கேட்டது கேமராவைப் பற்றி அல்ல. "அம்மான், நல்ல இருட்டா ஒரு எடம் சொல்லுங்க" என்றாள். எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. ஊருணிக்கரையில் இப்போது கம்பத்துக்குக் கம்பம் எல்இடி. வீட்டு முகப்புகளில் யாருமே குடியில்லாவிட்டாலும் விளக்கு எரிகிறது. காரைக்குடிப் பக்கத்து வானம் விடிய விடிய வெளுத்துக் கிடக்கிறது. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியதற்குப் பிறகு எல்இடி பல்பு எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலைக்கு வந்தது. பாம்புக்கும் தேளுக்கும் பயந்து நடந்த தெருவில் வெளிச்சம் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் இருட்டு ஒரு மூலப்பொருள். படம் எழுத வருகிறவனுக்கு அது சுவர், அது துணி, அது காகிதம்.

காகிதம் என்பதை நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். சாதாரணமாகப் படம் எடுக்கும்போது ஷட்டர் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்து மூடுகிறது. அங்கே இருக்கிற வெளிச்சம் என்னவோ அதுதான் படம். லைட் பெயின்டிங்கில் ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்தே வைக்கிறோம். சுற்றிலும் இருட்டு என்பதால் எதுவும் பதியாது. அந்த நேரத்தில் கையில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு காட்சிக்குள் நாமே நுழைகிறோம். டார்ச் எதன்மேல் விழுகிறதோ அது மட்டும் பதியும். டார்ச்சை லென்ஸ் பக்கம் திருப்பி வீசினால் வீசிய வழியெல்லாம் கோடாகப் பதியும். கறுப்புச் சட்டையோடு, ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தால் நாம் மட்டும் பதிய மாட்டோம்.

எனக்கு இதைக் காட்டியவர் என் அம்மான். சென்னையில் வாங்கிய ஜெனிட்-ஈ கேமரா அவரிடம் இருந்தது. சோவியத் நாட்டுச் சரக்கு, இரும்புக் கட்டி கனம். அதன் ஷட்டர் 30-இல் ஒரு பங்கு நொடியில் தொடங்கி 500-இல் ஒரு பங்கு வரை போகும். அதற்கப்பால் 'பி' என்று ஒரு எழுத்து. அந்த எழுத்தில் வைத்து, கேபிள் ரிலீஸைத் திருகி, அழுத்திப் பூட்டிவிட்டால் நாம் விடுவிக்கும்வரை ஷட்டர் மூடாது. அந்த ஓர் எழுத்துக்காகவே அவர் அந்தக் கேமராவை மதித்தார்.

இருட்டில் ஃபோகஸ் செய்வதற்கு அவர் வைத்திருந்த உபாயம் ஊதுபத்தி. படம் எடுக்க வேண்டிய தூணுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திக் கையில் பத்தியைக் கொடுப்பார். வ்யூஃபைண்டரில் அந்தச் சிவப்புப் பொட்டு எப்போது சிறுத்துக் கூர்மையாகிறதோ அதுதான் தூரம். டார்ச் எவரெடி, இரண்டு கட்டை பாட்டரி. முகத்தில் பலகாரக் கடைக் கண்ணாடித் தாளை ரப்பர் பேண்டு போட்டு மாட்டுவோம். சிவப்பு வேண்டுமானால் சிவப்புத் தாள், பச்சை வேண்டுமானால் பச்சை. ஊருணிச் சாலையில் தூரத்தில் லாரி வருவது தெரிந்தால் ஷட்டரை மூட மாட்டார். ஒரு கறுப்பு அட்டையை லென்ஸுக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். லாரி போனதும் அட்டையை எடுப்பார். அந்த வெளிச்சம் வந்த சுவடே படத்தில் இருக்காது. நேரத்தின் நடுவில் ஒரு துண்டை வெட்டி வெளியே எறியலாம் என்று நான் கண்டுகொண்டது அப்போதுதான்.

நேரத்தை எண்ணுவதற்கு அங்கே ஒரு நல்ல வழி இருந்தது. இருட்டில் கைக்கடிகாரம் தெரியாது, டார்ச்சை அதன்மேல் அடிக்கவும் கூடாது. அம்மான் வாய்க்குள் ஏதாவது முனகிக்கொண்டு தொடையில் ஆதி தாளம் போடுவார். நொடிக்கு ஒரு தட்டு, ஆவர்த்தனத்துக்கு எட்டு நொடி. இன்றைய கர்நாடக இசைக் கச்சேரிக்கு அதன் வடிவத்தைக் கொடுத்த ராமானுஜ ஐயங்கார் 1890-இல் பிறந்த ஊரில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. அவருடைய காலப்பிரமாணம் ஓடவும் ஓடாது, தொங்கவும் தொங்காது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். டார்ச் பிடிக்கிற கைக்கு வேண்டியதும் அதுவேதான். கை ஓரிடத்தில் தயங்கினால் அங்கே வெளிச்சம் குவிந்து வெளுத்துவிடும், ஓடினால் அங்கே கறுத்துப்போகும்.

ஃபிலிமுக்கு இன்னொரு குணம் உண்டு. நெடுநேரம் திறந்து வைத்தால் அது அலுத்துப்போகும். முதல் நொடியில் வாங்கிய வேகத்தில் அறுபதாவது நொடியில் வெளிச்சத்தை வாங்காது. கணக்குப்படி ஒரு நிமிடம் என்றால் இரண்டு நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். கலர் ஃபிலிமில் நிறமும் சாயும். இதையெல்லாம் அட்டவணையில் பார்த்துக்கொள்ள எங்களுக்கு வசதி இல்லை. சுருள் முடிந்து, மதுரைக்குப் போய், கழுவி வந்தபிறகுதான் தெரியும். பொங்கலன்று வீசிய டார்ச்சின் கோட்டைச் சித்திரையில் பார்ப்போம். அதுவரை அந்தப் படம் எங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கும். எந்தச் சுவரை முதலில் தொட்டோம், எங்கே கை திரும்பியது, தூணுக்குப் பின்னால் எத்தனை ஆவர்த்தனம் நின்றோம் என்று ராத்திரி படுத்தபடியே ஓட்டிப் பார்த்துக்கொள்வேன்.

உலகத்தில் வேறு யாரெல்லாம் இதைச் செய்தார்கள் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1889-இல் பிரான்ஸில் எத்தியென் ஜூல் மாரேயும் ஜார்ஜ் தெமெனியும் ஒரு மனிதனின் மூட்டுகளில் சின்னச் சின்ன பல்புகளைக் கட்டி நடக்கவிட்டு, அவன் நடையைக் கோடுகளாகப் பதித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது உடலியல், ஓவியம் அல்ல. 1935-இல் கலைஞர் மான் ரே ஒரு பேனா விளக்கால் தன் முகத்துக்கு முன்னால் சுழித்துச் சுழித்து ஏதோ வரைந்தார். வெறும் கிறுக்கல் என்று எல்லோரும் நினைத்ததில் அவருடைய கையெழுத்தே கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாறி ஒளிந்திருப்பது 2009-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1949-இல் புகைப்படக்காரர் ஜான் மீலி தென்பிரான்ஸில் இருந்த பிக்காஸோவிடம், பனிச்சறுக்குக் காலணியில் பல்பு கட்டி எடுத்த படங்களைக் காட்டினார். அதைப் பார்த்த பிக்காஸோ ஒரு குட்டி பல்பை எடுத்துக்கொண்டு காற்றில் காளையும் குதிரை மனிதனும் வரைந்தார். வரைந்த மறுநொடி அங்கே ஒன்றும் இல்லை, ஃபிலிமில் மட்டும் இருந்தது.

இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே பனைமரம் இருக்கிற நம் ஊர்ப் பையன்கள் கார்த்திகைக்கு மாவலி சுற்றினார்கள். ஆண் பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொதிந்து, பனைமட்டைகளின் நடுவே வைத்துக் கட்டி, கயிற்றைப் பிடித்துத் தலைக்குமேல் சுழற்றுவார்கள். நெருப்புப் பொறி வட்டம் வட்டமாகக் கொட்டும். உலகம் முழுக்க இளைஞர்கள் இன்று இரும்புக் கம்பி நாரைக் கொளுத்திச் சுழற்றி எடுக்கும் படத்துக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. நம்மிடம் இல்லாதது ஷட்டரைத் திறந்து வைக்கும் ஒரு பெட்டி மட்டும்.

அம்மான் எடுத்ததிலேயே நான் உயிராக நினைக்கும் படம் பிள்ளையார் நோன்பு அன்று எடுத்தது. திருக்கார்த்திகை கழிந்த 21-ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் நடக்கும் நோன்பு. புது வேட்டியிலிருந்து எடுத்த 21 நூலிழையைத் திரியாக்கி, இனிப்பு மாவில் பதித்து, ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையால் ஆளுக்கு ஒன்று தருவார். எரிகிற சுடரோடு அதை வாயில் போட்டு விழுங்க வேண்டும். அன்றைக்குப் பட்டாலையில் கரண்ட் இல்லை. அம்மான் கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி 'பி'யில் வைத்து ஷட்டரைத் திறந்துவிட்டார். யாரையும் நிற்கச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்லவில்லை. ஒவ்வொருவராக வந்து இழை எடுத்துக்கொண்டார்கள். சித்திரையில் படம் கழுவி வந்தபோது அதில் ஆட்கள் மங்கலாக, அரை உருவமாக இருந்தார்கள். வீட்டுப் பெரியவரான ஐயாவின் கையிலிருந்து ஒவ்வொருவர் உதடு வரைக்கும் ஒரு சிறிய பொன் வளைவு மட்டும் பளிச்சென்று இருந்தது. குழந்தைகளுக்கு வளைவு தாழ்ந்து, பெரியவர்களுக்கு உயர்ந்து, என் அப்பத்தாவுக்குக் கொஞ்சம் நடுங்கி. எந்தக் குடும்பப் படத்திலும் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தது இத்தனை தெளிவாகப் பதிந்து நான் பார்த்ததில்லை. அதற்கு டார்ச்சும் தேவைப்படவில்லை, கலைஞனும் தேவைப்படவில்லை. திறந்து வைக்கிற பொறுமை மட்டும் தேவைப்பட்டது.

இப்போது தங்கச்சி மகளின் முறைக்கு வருகிறேன். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம், அவள் எனக்குக் காட்டியது நிறைய. ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 8. ஊதுபத்திக்குப் பதிலாக ஃபோன் வெளிச்சத்தில் ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுகிறாள். ட்ரைபாடில் ஏற்றியதும் நடுக்கம் தடுக்கும் வசதியை அணைக்கிறாள். அதை விட்டுவைத்தால் இல்லாத நடுக்கத்தைத் தேடி அதுவே படத்தைக் கலைத்துவிடும். முதல் சோதனைக்கு ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றுகிறாள். அதில் 4 நொடியில் சட்டகம் சரியாக வந்தால், 100-இல் 64 மடங்கு, அதாவது 4 நிமிடம் 16 நொடி கொடுக்க வேண்டும். நாங்கள் ஒரு சுருளைச் செலவழித்து அறிந்ததை அவள் நாலு நொடியில் அறிகிறாள். சென்சாருக்கு ஃபிலிமின் அலுப்பும் கிடையாது.

2014-இல் ஒலிம்பஸ் கொண்டுவந்த லைவ் காம்போசிட் முறை இன்னும் ஒரு படி மேலே போனது. கேமரா படத்துக்குமேல் படமாக எடுத்துக்கொண்டே போகும், புதிதாகப் பிரகாசமான இடத்தை மட்டும் சேர்க்கும். தெருவிளக்கு எத்தனை நேரம் எரிந்தாலும் அதன் வெளிச்சம் ஏறாது, நாம் வீசும் டார்ச் மட்டும் ஏறும். திரையில் கோடு வளர்வதை நிற்கிற இடத்திலிருந்தே பார்க்கலாம். மறு வருஷமே ஹுவாவே பி8 ஃபோனில் லைட் பெயின்டிங்குக்கென்று தனி முறை வந்துவிட்டது. எல்இடி கம்பங்களுக்கு நடுவில் ஊருணிக்கரையில் அவள் லைவ் காம்போசிட்டை வைத்து எடுத்த கோலம் ஒன்று அழகாகவே வந்தது. அம்மான் இருந்திருந்தால் அந்தக் கேமராவைக் கீழேயே வைத்திருக்க மாட்டார்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அவளிடமும் சொன்னேன். திரையைப் பார்த்துக்கொண்டே வரைகிற கை இருட்டை நம்புவதில்லை. கோடு தவறினால் நிறுத்தி மறுபடி தொடங்குகிறது. அதனால் எங்களிடம் இருந்த ஒன்று வளர இடமில்லை: முழுப் படத்தையும் முன்கூட்டியே மனசுக்குள் கட்டி முடித்துவிட்டு இருட்டுக்குள் இறங்குவது. "அப்ப திரையை மூடிட்டு எடுக்கிறேன் அம்மான்" என்றாள். மூடிவிட்டே எடுத்தாள். அவளுக்குத் தாளம் தெரியாது, பாட்டு தெரியும். ஒரு பாட்டின் பல்லவி எத்தனை நொடி என்று அளந்து வைத்துக்கொண்டாள்.

இருட்டு கடைசியில் கிடைத்த இடம் பூட்டிய வீடுகள். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடு ஒன்றின் சாவி எங்களிடம் இருக்கிறது. முகப்பைத் தாண்டி வளவுக்குள் போய்க் கதவைச் சாத்தினால், என் சின்ன வயதின் அமாவாசை அப்படியே அங்கே இருக்கிறது. பர்மா தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக் கரு சேர்த்துப் பூசித் தேய்த்த சுவர், ஆத்தங்குடித் தரைக்கல். மூன்றும் வெளிச்சத்தை மூன்று விதமாக வாங்கும். தேக்கு குடித்துவிடும், இரண்டு தடவை போக வேண்டும். சுவர் உடனே திருப்பித் தரும். தரைக்கல்லுக்கு நேராக அடிக்கக் கூடாது, தாழக் குனிந்து பக்கவாட்டில் தடவினால் பூ வேலை மேலே எழும்பும். தூணுக்குப் பின்னால் நின்று சுவரில் அடித்தால் தூண் கறுப்பாக வெட்டி எடுத்தாற்போல் நிற்கும். பெல்ஜியம் கண்ணாடி எங்கெல்லாம் தொங்குகிறது என்று பகலிலேயே பார்த்துவைக்க வேண்டும், ராத்திரி அது டார்ச்சைக் காட்டிக் கொடுத்துவிடும். பௌர்ணமியாக இருந்தால் வானம் பார்த்த வளவுக்குள் நிலா இறங்கும். எஃப் 8-இல் நாலு நிமிடத்துக்கு அதுவே முற்றத்தை நீலமாக நிரப்பிவிடும், நமக்குப் பட்டாலையைத் தொட்டால் போதும்.

அவளுடைய சிநேகிதப் பிள்ளைகள் அங்கே கம்பி நார் சுற்றலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று சொல்லிவிட்டேன். அது எரிந்த இரும்பு. பொறி நெடுந்தூரம் தெறிக்கும், விழுந்த இடத்தில் கன்றுகொண்டு கிடக்கும். நூறு வருஷத் தேக்கு உத்தரத்துக்குக் கீழே அதைச் செய்வதை எந்தப் படமும் நியாயப்படுத்தாது. ஏற்கெனவே இந்த வீடுகளின் தூண்களும் நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலை போட்டுக் கிடக்கின்றன. கம்பி நார் வேண்டுமானால் வற்றிய கண்மாயின் வெறும் மணலில், பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு, கண்ணாடி மாட்டிக்கொண்டு.

இந்த லீவில் அவள் எடுத்ததில் ஊருக்கு உருப்படியான படம் குத்துவிளக்கு. அரியக்குடி விளக்கு என்றால் தமிழ்நாடு முழுக்கப் பெயர். பட்டறைக்காரர் ஒருவர் இப்போது ஃபோனில் படம் அனுப்பித்தான் ஆர்டர் பிடிக்கிறார். ஃப்ளாஷ் போட்டால் மெருகேற்றிய பித்தளையில் ஒரு வெள்ளைப் புள்ளி வெடிக்கிறது, மீதி கறுப்பு. பகலில் எடுத்தாலோ எதிரே நிற்கிற ஆள், சைக்கிள், ஜன்னல் எல்லாம் விளக்கின் வயிற்றில் தெரிகிறது. வளைந்த பித்தளை ஒரு கண்ணாடி, சுற்றியுள்ள அறை முழுவதையும் அது காட்டியே தீரும். அறையை இருட்டாக்கிவிட்டால் காட்டுவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. டார்ச்சுக்கு முன்னால் வேட்டியை விரித்துப் பிடித்து, துணி வழியாக வெளிச்சத்தை மேலிருந்து கீழே மெதுவாக இறக்கினோம். தண்டின் கடைசல் வளையம் ஒவ்வொன்றும், அகலின் ஐந்து முகமும், உச்சி அன்னத்தின் கழுத்தும் நீண்ட மென்மையான கோடாகத் துலங்கின. அவளுடைய எல்இடி டார்ச்சின் வெள்ளையில் பித்தளை வெளிறிப்போய் இருந்தது. பழைய கண்ணாடித் தாள், மஞ்சளில் ஒன்றும் ஆரஞ்சில் ஒன்றும், சேர்த்து மாட்டியதும் பித்தளைக்கு அதன் நிறம் திரும்பியது. டார்ச்சின் வெளிச்சத்தைக் குறைத்து வைக்கக் கூடாது என்பதையும் அங்கே கண்டோம். விலை குறைந்த எல்இடி குறைத்து எரியும்போது அணைந்து அணைந்து எரிகிறது, வீசினால் கோடு புள்ளி புள்ளியாக விழுகிறது. பழைய இழை பல்பில் அது கிடையாது.

பட்டறைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெளக்கு நல்லாத்தான் இருக்கு ஆத்தா. இதைச் செஞ்ச கை தெரியலையே."

அவளுக்கு அப்போது கில்பிரெத் தம்பதியின் கதையைச் சொன்னேன். 1914 வாக்கில் அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் தொழிலாளிகளின் விரலில் பல்பைக் கட்டி, ஷட்டரைத் திறந்து வைத்து, கை போய்வரும் வழியைக் கோடாகப் பதித்தார்கள். எந்தக் கோடு வீண் என்று கண்டுபிடித்து, அதை வெட்டி, வேலையைச் சுருக்குவது அவர்கள் நோக்கம். எங்களுக்கு வேண்டியது எதிர்த்திசை. கடைசல் இயந்திரத்தில் உளியை எந்தக் கோணத்தில் கொண்டுபோய், எங்கே அழுத்தி, எங்கே விடுகிறார் என்பது அவருக்கு அப்பா கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தது. அவருக்குப் பின்னால் அந்தப் பட்டறையில் உளி பிடிக்க இப்போது ஆள் இல்லை. அந்தக் கோடு ஒன்றாவது பதிந்து இருக்கட்டும்.

கடைசல் மோட்டாருக்குப் பக்கத்தில் இருட்டில் வேலை செய்யச் சொல்லக் கூடாது என்பதால், ஓடாத இயந்திரத்தில் கை மட்டும் அசைத்துக் காட்டச் சொல்லி ஒரு ஏற்பாடு செய்தோம். எல்இடி ஒன்றை உளியின் பிடியில் நூலால் கட்டினாள். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவிழ்த்துக் கொடுத்தார்.

"பிடியில கட்டினா கனம் மாறிப்போகும், கை பொய் சொல்லும். மணிக்கட்டுல ஒண்ணு, தோள்ல ஒண்ணு கட்டு. அழுத்தம் தோள்ல இருந்துதான் வரும். மணிக்கட்டு சும்மா வழி காட்டும்."

"ரெண்டும் வேற வேற கலரா இருக்கட்டுமா ஐயா?"

"தோளுக்குச் செவப்பு போடு" என்றார் அவர். அவள் பையைத் திறந்து சிவப்புத் தாளைத் தேடினாள்.